செவ்வாய்க்கிழமை வருகிறவள்

சுயாபாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அது செவ்வாய்க்கிழமை. மற்ற ஆறும் நாட்காட்டியில் அச்சடித்துவிட்டார்களே என்பதற்காக வந்து போயின.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அவள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் அவளுடைய வழக்கு விசாரணைக்கு வர இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதுவரை அவள் எங்கேயும் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அரசாங்கம் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டிருந்தது. அந்த நிறுவனத்துப் பெண் ஒருத்தி ஒமாஹாவிலிருந்து நாற்பது மைல் கார் ஓட்டிக்கொண்டு வருவாள், பத்து நிமிடம் இருப்பாள், போய்விடுவாள். எத்தனை மணிக்கு வருவாள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் அது கண்காணிப்பு ஆகாதாம். பத்து நிமிடத்துக்காக ஒன்பது மணி நேரம் ஒருத்தியை உட்கார வைப்பதற்கு அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் இந்த ஏற்பாட்டைச் சபிக்காத வாய் கிடையாது. சுயாபா மட்டும் சபிக்கவில்லை. திங்கட்கிழமையே தலைக்குக் குளித்துவிடுவாள். செவ்வாய் விடிந்ததும் குழந்தை டூனியாவுக்கு இருப்பதில் நல்ல சட்டையை மாட்டி, தரையைத் துடைத்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? கணவன் எல்மர் அவர்களுடைய நாடான ஓந்துராஸில் பேருந்து நடத்துனராக இருந்தான். தெருவை ஆள்கிற கும்பல் பேருந்துக்கு இவ்வளவு என்று வாரா வாரம் கேட்டது. பேருந்து முதலாளி கொடுக்கவில்லை. சுட்டது முதலாளியை அல்ல, எல்மரை. டூனியா அப்போது வயிற்றில் இருந்தாள். பிறந்து இரண்டு மாதத்தில் அவளை மார்பில் கட்டிக்கொண்டு சுயாபா கிளம்பினாள். எல்லையில் பிடித்தவர்கள், அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கருப்புப் பெட்டியைக் கணுக்காலில் பூட்டி அனுப்பினார்கள். அவர்கள் அதைக் கருவி என்பார்கள். போட்டுக்கொண்டவர்கள் விலங்கு என்பார்கள்.

அவளுக்கு இடம் கொடுத்தது அமாலியா என்ற தூரத்து உறவுக்காரி. அமாலியாவும் புருஷனும் சேர்ந்தே லாரி ஓட்டினார்கள். கிளம்பினால் இரண்டு வாரம், மூன்று வாரம் திரும்ப மாட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாசலில் பனியை வாரிக்கொட்ட வேண்டும், அதற்குப் பதில் பின்னறை. நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனுஷி எந்த நெடுஞ்சாலையில் இருக்கிறாளோ, யார் கண்டார்கள்.

அக்கம்பக்கத்தார் எல்லாம் இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் குவாத்தமாலா மலைக்காரர்கள். வந்த புதிதில் இரண்டொரு பெண்கள் குழந்தையைக் கொஞ்சினார்கள். அப்புறம் சுயாபாவின் காலைப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெட்டி நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கும் என்று குடியிருப்பு முழுக்க ஒரு பேச்சு. இந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாதவர்கள் பாவம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. துணி துவைக்கும் இடத்துக்கு அவள் போனால் பேச்சு நின்றுவிடும். இயந்திரங்கள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் துணியை ஈரத்தோடு வாரிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆகவே அவளோடு உட்கார்ந்து பேசும் ஒரே ஆள் அவளைக் கண்காணிக்க வருகிறவள்தான். பெயர் மாரிபெல் ஓச்சோவா. முப்பத்தைந்து வயது இருக்கும். மெக்ஸிகோக்காரர்களுக்கு ஒமாஹாவில் பிறந்தவள். அவள் பேசும் ஸ்பானிஷ் பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருக்கும். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு உள்ளே வருவாள். கையிலிருக்கும் பலகைக் கணினியைப் பார்த்துக் கேள்விகளை ஒப்பிப்பாள்.

"முகவரி மாறலையே?"

"எங்க மேடம் மாத்தறது, கால்ல கட்டிப்போட்டுட்டு."

"வேலை ஏதாவது?"

"அனுமதி வரலை."

"போன வாரத்துக்கு அப்புறம் புதுசா யாராவது வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்களே. நீங்க."

மாரிபெல் சிரித்துவிட்டு 'இல்லை' என்ற கட்டத்தைத் தொடுவாள். அப்புறம் குனிந்து விலங்கின் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். இரண்டு விரல் போனால் சரி. போகாவிட்டால் இறுக்கம், மூன்று போனால் கழற்றப் பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம். அவள் விரல்கள் குளிரில் சில்லிட்டிருக்கும். எல்மர் போன பிறகு பெரியவர்கள் கை என்று சுயாபாவைத் தொட்டது இந்த இரண்டு விரல்தான். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதற்கும் ஆள் இல்லை.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எப்படி இருக்கீங்க?" அதுவும் பலகையில் இருக்கும் கேள்விதான், சுயாபாவுக்குத் தெரியும். இருந்தாலும் அதைக் கேட்கும்போது மாரிபெல் பலகையைப் பார்க்க மாட்டாள். பத்து நிமிடம் இருபதாகும். சில நாள் அரை மணியாகும். டூனியா தவழ்ந்து வந்து அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பாள். மாரிபெல் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

"இவ எப்ப பாத்தாலும் என் கயித்துலயே குறியா இருக்கா."

"உங்களைப் போக விடக் கூடாதுன்னு பாக்கறா மேடம்."

ஆனால் ஒரு வாய் காபி குடிக்க மாட்டாள். "பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல ரூல். தப்பா நினைக்காதீங்க." சுயாபா தப்பாக நினைக்கவில்லை. ஆனாலும் வருத்தமாக இருந்தது. அவள் ஊரில், வீட்டுக்கு வந்தவள் ஒன்றும் சாப்பிடாமல் போனால் மறுநாள் அக்கம்பக்கம் வந்து என்ன சண்டை என்று கேட்கும்.

நவம்பரில் அது நடந்தது. எதிர்வரிசை வீட்டு பெட்ரோனாவுக்கும் காலில் விலங்கு. ஒமாஹா அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள், போனாள், திரும்பவில்லை. அங்கிருந்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒரு வாரம் அவை வீடு வீடாக மாறின. இன்றைக்கு இவர்கள் வீட்டில் சாப்பாடு, நாளைக்கு அவர்கள் வீட்டில் படுக்கை. வைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லை. எட்டாம் நாள் அரசாங்கப் பிள்ளைக் காப்பகத்திலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. சின்னவள் ஏற மாட்டேன் என்று வாசற்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவளை ஏற்றினாள். சுயாபா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வெளியே போய் என்னிடம் இருக்கட்டும் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாக்கு இருந்ததே ஒழிய உரிமை இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் திரும்பி வராவிட்டால் டூனியாவை யார் தூக்கிக்கொள்வார்கள்? அந்த வேன் வரும்போது 'இவள் என் பிள்ளை' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சுயாபாவின் மலையூரில் இதற்கு வழி இருந்தது. ஞானஸ்நானம். அங்கே ஞானத்தாய் என்றால் வருடத்துக்கு ஒரு சட்டை வாங்கித் தருகிறவள் அல்ல. பெற்றவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரையும் கேட்காமல் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள். அந்த நாளிலிருந்து பெற்றவளும் அவளும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவளைவிட அது ஒரு படி மேல். ஒரு வயதுக்குள் தலையில் தண்ணீர் விழாத பிள்ளைக்குச் சொந்தக்காரர் இல்லை என்பார்கள். பிப்ரவரி பிறந்தபோது டூனியாவுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது.

ஞானத்தாயாக இருக்கச் சொல்லிக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெற்றவள் தன் கையால் இனிப்பு ரொட்டி சுட்டு, விரிப்பு போட்டு, பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்பாள். கேட்கப்பட்டவள் வாயைத் திறந்து சரி என்றும் சொல்லக் கூடாது, முடியாது என்றும் சொல்லக் கூடாது. மனமில்லை என்றால் ரொட்டியை மேசையில் விட்டுவிட்டுப் போய்விடுவாள், மனஸ்தாபம் இல்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது. அதன் பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. சுயாபா பார்த்த வரையில் ரொட்டியை எடுத்துப் போனவர்கள் யாரும் சொல் தவறியது இல்லை.

பிப்ரவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவள் ரொட்டி சுட்டாள். அரிசி மாவும் இலவங்கப்பட்டைத் தூளும் போட்டு, மேலே சர்க்கரை தூவி, வட்டமாக இரண்டு. மாரிபெல் வரும்போது மணி இரண்டு. சாலையெல்லாம் பனி. வழியில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்ததாம், இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். வழக்கமான கேள்விகள் முடிந்தன. இரண்டு விரல் போயிற்று. எழுந்திருக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க மேடம்," என்றாள் சுயாபா. விரிப்பைப் போட்டு ரொட்டியை வைத்தாள். டூனியாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இங்க யாரும் இல்லைங்கறது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வாரமும் நீங்கதானே எழுதிட்டுப் போறீங்க. இவளுக்கு நீங்க ஞானத்தாயா இருக்கணும்."

மாரிபெல் குழந்தையைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். அதைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே யாரோ பனி வாரும் சத்தம் கேட்டது.

"சுயாபா, நான் வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "பாக்கலாம். ம்? பாக்கலாம்."

சுயாபா ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி நீட்டினாள். நீட்டிய கை நடுங்கியது. மாரிபெல் அந்தக் கையைப் பார்த்தாள். ஆறு மாதமாக ஒரு வாய் தண்ணீர் வாங்காதவள் அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். டூனியாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்பினாள்.

கார் திரும்பும் வரை சுயாபா ஜன்னலில் நின்றாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன அறையில் ஒரு சுற்று சுற்றினாள். அன்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள். ஓந்துராஸில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாரம் நெப்ராஸ்காவில்தான் இறங்கியது என்று அவளுக்குத் தோன்றியது.

சந்தோஷம் வந்தால் மனிதருக்கு அவசரமும் கூடவே வந்துவிடுகிறது. மறுநாளே தேவாலயத்துக்குப் போனாள். ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் காரியங்களை எல்லாம் அங்கே எர்லிண்டா என்ற பருத்த அம்மாள் பார்த்துக்கொண்டாள். சாமியாருக்கு உதவும் திருத்தொண்டரின் மனைவி. வாய் ஓயாதவள், மனசு வெள்ளை.

"ஞானத்தாய் யாரும்மா?"

"மாரிபெல் ஓச்சோவா."

"போன் நம்பர் குடு. அவங்க ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வரணும். வராதவங்களுக்குச் சாமியார் ஒத்துக்க மாட்டார். நானே பேசிடறேன், நீ ஒண்ணும் அலையாத."

சுயாபாவிடம் இருந்தது மாரிபெல் முதல் நாள் கொடுத்த அட்டை. அதில் இருந்த எண்ணைக் கொடுத்தாள். அது அலுவலக எண் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்ன? ஊரில் ஞானத்தாயானவள் அதை வீதியெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள். மறைக்க வேண்டிய விஷயம் என்று சுயாபாவுக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை மாரிபெல் காலை எட்டேகாலுக்கே வந்துவிட்டாள். பூட்ஸைத் தட்டவில்லை. கோட்டைக் கழற்றவில்லை. டூனியா தவழ்ந்து வந்து கயிற்றைப் பிடித்தாள். மாரிபெல் குனியவில்லை.

"தேவாலயத்துல இருந்து ஒரு அம்மா ஆபீஸுக்குப் போன் பண்ணியிருக்காங்க," என்றாள். "நான் அப்ப இல்லை. எங்க மேலதிகாரிதான் எடுத்திருக்கார். எனக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாங்களாம்."

"எர்லிண்டாம்மா. நல்லவங்க."

"சுயாபா, நான் கண்காணிக்கிறவங்களோட எனக்கு எந்த உறவும் இருக்கக் கூடாது. கல்யாணம், காசு, ஞானஸ்நானம், எதுவும். இருந்தா என் வேலை போயிடும். எனக்கும் ஒரு பையன் இருக்கான்."

"நீங்க ரொட்டியை எடுத்துட்டுப் போனீங்களே," என்றாள் சுயாபா.

"ரொட்டியா?"

சுயாபா முறையைச் சொன்னாள். இதையெல்லாம் வாயால் விளக்க வேண்டி வந்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது. துணியில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது. மாரிபெல் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கிடையாது. உங்க கை நடுங்கிச்சு. அதான் வாங்கிட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"கார்லயே சாப்பிட்டேன். முழுசா."

"அப்ப?"

சுயாபாவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. இருக்கிற ஒருத்தியிடமும் கோபித்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

"நான் கோர்ட்டுல உதவி கேக்கலை மேடம். காசு கேக்கலை. நான் ஒரு நாள் திரும்பி வரலைன்னா, இவளை யார் வீட்டுப் பிள்ளைன்னு கேப்பாங்க. அப்ப சொல்றதுக்கு ஒரு பேர் வேணும். அவ்வளவுதான்."

"இப்ப நாம பேசறதையும் நான் எழுதித்தான் ஆகணும்," என்றாள் மாரிபெல். ஆனால் அவள் பலகையை வெளியே எடுக்கவே இல்லை. "உங்க கேஸை என்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. இன்னிக்கு நான் சொல்லிட்டுப் போக மட்டும் வந்திருக்கேன். ஆனா ஒரு நல்லது நடந்திருக்கு, கேளுங்க. நீங்க ஒரு தடவைகூட தப்பு பண்ணலை. அதனால கால்ல இருக்கறதைக் கழட்டிடுவாங்க. இனிமே போன்தான். வாரம் ஒரு நாள் உங்க முகத்தைப் படம் எடுத்து அனுப்பினா போதும். இதுக்காக எத்தனை பேர் கெஞ்சறாங்க தெரியுமா?"

"அப்ப செவ்வாய்க்கிழமை யார் வருவாங்க?"

"யாரும் வர வேண்டாம். அதான் நல்ல செய்தி."

சுயாபா குனிந்து டூனியாவின் கையிலிருந்து பூட்ஸ் கயிற்றை விடுவித்தாள். மாரிபெல் எழுந்தாள். கதவருகே போய் நின்றவள் சட்டென்று திரும்பினாள்.

"அந்தப் படம் எல்லாம் எங்க ஆபீஸுக்குத்தான் வரும். நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன். வாரா வாரம் பாப்பேன். சரியா?"

சுயாபா தலையாட்டினாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மிச்சம் கிடைத்தது அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒமாஹா அலுவலகத்தில் விலங்கைக் கழற்றினார்கள். கழற்றியவர் ஆங்கிலம் மட்டும் பேசினார். மேசையில் இருந்த தொலைபேசியிலிருந்து எங்கேயோ இருக்கும் ஒரு பெண் அதை ஸ்பானிஷில் சொன்னாள். பட்டை அறுந்ததும் கால் தன்னுடையது இல்லை போல லேசாக இருந்தது. புதன்கிழமை காலை எட்டிலிருந்து பத்துக்குள் தொலைபேசித் திரையில் வட்டம் வரும், முகத்தை அதற்குள் வைக்க வேண்டும், பச்சை நிறம் வந்தால் சரி என்று கற்றுக்கொடுத்தார்கள். சுயாபா மாரிபெல்லைக் கண்ணால் தேடினாள். வரிசையாகக் கதவுகள் இருந்தன, எல்லாம் சாத்தியிருந்தன.

மார்ச்சில் டூனியாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. எர்லிண்டாவே ஞானத்தாயாக நின்றாள். "கவலையே படாத பொண்ணு, யாரும் இல்லாத பிள்ளைங்களுக்கு நான்தான் நிக்கறது. இதோட முப்பத்திரண்டு," என்றாள் பெருமையாக. தண்ணீர் விழுந்தது, டூனியா அழுதாள், பதிவேட்டில் கையெழுத்தானது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் எர்லிண்டா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "அடடே, இது யார் வீட்டுத் தங்கம்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. முப்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள்.

சுயாபா வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு புதன்கிழமையை நினைத்துக்கொண்டாள். மாரிபெல் பார்ப்பாளே. ஞானஸ்நான வெள்ளைச் சட்டை போட்ட டூனியாவை அவள் பார்க்க வேண்டும். பதிவேட்டில் பேர் வேறு யாருடையதாக இருந்தால் என்ன, ரொட்டியைச் சாப்பிட்டவள் அவள். ஒருமுறை பார்த்துவிட்டால் மனசில் நிற்கும். மனசில் நின்றால் என்றைக்காவது ஒரு வேன் வரும்போது அவள் கேட்பாள்.

புதன்கிழமை எட்டு மணிக்குக் குழந்தைக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரினாள். கன்னத்தோடு கன்னம் வைத்துத் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். திரை சிவந்தது. 'ஒரு முகம் மட்டும்' என்று எழுத்து வந்தது. குழந்தையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். மறுபடியும் சிவப்பு. பின்னால் சாய்த்துப் பிடித்தாள். சிவப்பு. இன்னும் ஒரு முயற்சிதான் பாக்கி என்று எழுத்து சொன்னது. அவள் டூனியாவைத் தரையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் நின்றாள். உடனே பச்சை வந்தது.

சரி, விஷயத்தை வாயால் சொல்லிவிடலாம் என்று உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் இசை ஓடியது. அப்புறம் ஒரு இளைஞனின் குரல், நல்ல ஸ்பானிஷில்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்லை தம்பி. ஒமாஹா ஆபீஸ்ல மாரிபெல் ஓச்சோவான்னு ஒரு மேடம் இருக்காங்க. என் படத்தை வாரா வாரம் பாக்கறவங்க. அவங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும். குழந்தைக்கு ஞானஸ்நானம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு."

"படத்தை யாரும் பாக்கறதில்லைம்மா."

"அவங்க பாக்கறேன்னு சொன்னாங்க."

"மனுஷங்க யாரும் பாக்க மாட்டாங்கம்மா. மெஷினே பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாத்து முடிச்சிடும். முகம் பொருந்தலைன்னாதான் ஒரு ஆள்கிட்ட போகும். அவங்க படத்தை எடுத்துப் பாத்து உங்களை வரச்சொல்லுவாங்க. உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. எல்லா வாரமும் சுத்தமா பொருந்தியிருக்கு." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

வேண்டாம் என்றாள். அவன் நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.

மாரிபெல் பொய்க்காரி இல்லை. நடுங்குகிற கையைப் பார்த்தால் முடியாது என்று சொல்லத் தெரியாதவள், அவ்வளவுதான். அன்றைக்கு ரொட்டியை வாங்கியது எதனாலோ, கதவருகே நின்று பார்ப்பேன் என்று சொன்னதும் அதனால்தான். அது புரிந்தபோது சுயாபாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. தன்மேல் வந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை எட்டு மணிக்குத் திரையில் வட்டம் வந்தது. டூனியா இடுப்பில் இருந்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஒரு கையைக் கன்னத்தில் வைத்தால் போதும். எங்கேயோ ஒரு நாற்காலியில் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் இந்தப் பெண், இடுப்பில் இருக்கும் பிள்ளை யாருடையது என்று உற்றுப் பார்ப்பார். ஒரு நிமிடமாவது பார்ப்பார். பிறகு வரச்சொல்வார்கள். வரச்சொன்னால் என்ன ஆகும் என்பது பெட்ரோனாவைப் பார்த்த அவளுக்குத் தெரியும்.

எட்டே முக்கால் வரை அவள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே டூனியா அழத் தொடங்கினாள். சுயாபா முகத்தைத் துடைத்துக்கொண்டு வட்டத்துக்கு நேராக வைத்துக் காட்டினாள். முகம் பொருந்தியது.